மாத்திரையா, காப்பர் டியா, ஊசியா: முதல் குழந்தைக்கும் இரண்டாவதுக்கும் நடுவில்

நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சித்தி மகள் போன் செய்தாள். பையனுக்கு அப்போது பதினான்கு மாதம். "அக்கா, இன்னும் ரெண்டு வருஷத்துக்கு அடுத்தது வேண்டாம்னு நாங்க ரெண்டு பேரும் பேசி வெச்சிருக்கோம். ஆனா என்ன பண்றதுன்னுதான் தெரியல. அத்தை காப்பர் டி போட்டுக்கோங்கறாங்க. அம்மா, அது நெஞ்சுக்கு ஏறிடும், வேண்டாம்ங்கறாங்க. மாத்திரை போட்டா அப்புறம் குழந்தையே தங்காதுன்னு ஆபீஸ்ல ஒருத்தி பயமுறுத்தறா. நீங்க மாத்திரைதானே போட்டீங்க?"

ஆமாம். மூத்தவளுக்கும் இளையவனுக்கும் நடுவில் இரண்டு வருடம் மாத்திரை, இளையவனுக்குப் பிறகு காப்பர் டி, அதாவது கருப்பைக்குள் வைக்கும் தாமிரச் சாதனம். இரண்டையும் அனுபவித்தவள் என்ற முறையில் அவளிடம் அன்று ஒரு மணி நேரம் பேசினேன். அதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. மகப்பேறு மருத்துவரிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதும், தேடிப் படித்ததும், என் உடம்பில் பார்த்ததும்தான் என் கையில் இருக்கிறது.

அவளைப் போலக் குழம்புகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். அதற்குக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் குடும்பக் கட்டுப்பாடு என்றாலே ஆபரேஷன்தான். 2019-21இல் நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இங்கே மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அதே கணக்கெடுப்பில் மேற்கு வங்கத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் மாத்திரை சாப்பிடுகிறார். அங்கே ஒரு பெண்ணுக்குச் சந்தேகம் வந்தால் அண்ணியிடம் கேட்கலாம், பக்கத்து வீட்டில் கேட்கலாம். இங்கே கேட்க ஆளில்லை. இரண்டு பெற்று ஆபரேஷன் செய்துகொண்ட அம்மாவிடமும் அத்தையிடமும், முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் என்ன செய்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "பார்த்து இருந்தோம்" என்பார்கள். அந்தப் "பார்த்து இருந்தோம்" எத்தனை பேரை எத்தனை முறை கைவிட்டது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

"சரி அக்கா, எது நல்லது?" என்று அவள் கேட்டாள். "அடுத்த குழந்தை எப்போ வேணும்?" என்று நான் திருப்பிக் கேட்டேன். பாதி முடிவு அந்த ஒரு பதிலிலேயே வந்துவிடும். ஆறு மாதத்தில் முயற்சி செய்யப்போகிறவர்களுக்கு ஆணுறையே போதும். ஒன்றரை இரண்டு வருடம் என்றால் மாத்திரை அழகாகப் பொருந்தும். மூன்று வருடத்துக்கு மேல் என்றாலோ, முடிவே செய்யாமல் இருந்தாலோ காப்பர் டி. இனி வேண்டவே வேண்டாம் என்றால் ஆபரேஷன், அதிலும் ஆணுக்குச் செய்வது. மீதிப் பாதியை உடம்பும் வீட்டுச் சூழ்நிலையும் முடிவு செய்யும்.

நூறு பேரில் எத்தனை பேருக்குத் தவறும்?

ஒவ்வொரு முறைக்கும் இரண்டு எண்கள் உண்டு. சொன்னபடி அப்படியே, ஒரு நாளும் தவறாமல் கடைப்பிடித்தால் வருவது ஒன்று. மறதி, அவசரம், வெளியூர்ப் பயணம் எல்லாம் உள்ள சாதாரண வாழ்க்கையில் வருவது இன்னொன்று. எதுவுமே செய்யாமல் இருந்தால் ஒரு வருடத்தில் நூறு பேரில் 85 பேர் வரை கர்ப்பமாவார்கள். "பார்த்து இருப்பது", அதாவது கடைசி நேரத்தில் ஆண் விலகிக்கொள்வது, சாதாரண வாழ்க்கையில் 20 பேரைக் கைவிடும். ஆணுறை 13 பேரை. கூட்டு ஹார்மோன் மாத்திரை (இரண்டு ஹார்மோன் சேர்ந்தது, நான் மாத்திரை என்று சொல்வது இதைத்தான்) 7 பேரை. மூன்று மாத ஊசி 4 பேரை. காப்பர் டியில் ஒருவருக்கும் குறைவு.

மாத்திரையின் 7 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். ஒரு நாளும் விடாமல் சாப்பிட்டால் அது ஆயிரத்தில் 3 பேர்தான். நூற்றில் ஏழுக்கும் ஆயிரத்தில் மூன்றுக்கும் நடுவில் இருக்கிற அந்த இடைவெளி முழுக்க மறந்துபோன மாத்திரைகள், இடையில் தீர்ந்துபோன அட்டைகள், ஊருக்குப் போகும்போது வீட்டிலேயே விட்டுவிட்டுப் போன அட்டைகள். காப்பர் டியில் இந்த இடைவெளி கிட்டத்தட்ட இல்லை. போட்ட பிறகு நாம் செய்வதற்கு ஒன்றும் இல்லையே, அதனால்தான். உங்களை நீங்களே நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான்: கர்ப்ப காலத்தில் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையை எத்தனை நாள் ஒழுங்காகச் சாப்பிட்டீர்கள்? அதற்கு என்ன பதிலோ, இதற்கும் அதே பதில்தான்.

மாத்திரையை அருகில் வைத்துப் பார்த்தால்

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைப்பது மாலா-என். ஓர் அட்டையில் 28 மாத்திரைகள். 21 மாத்திரைகளில் ஹார்மோன் இருக்கிறது: லெவோநார்ஜெஸ்ட்ரல் (புரொஜெஸ்டின் வகை) 0.15 மில்லிகிராம், எத்தினில் ஈஸ்ட்ராடையால் (ஈஸ்ட்ரோஜன் வகை) 0.03 மில்லிகிராம். வேறு நிறத்தில் இருக்கிற மீதி 7 வெறும் இரும்புச் சத்து. அந்த ஏழு நாளில்தான் மாதவிலக்கு வரும். மருந்துக் கடையில் வாங்கும் ஓவ்ரல்-எல் மாத்திரையிலும் இதே இரண்டு மருந்துகள் இதே அளவில்தான் இருக்கின்றன. காசு கொடுத்து வாங்குவதுதான் உசத்தி, அரசு கொடுப்பது மட்டம் என்ற நினைப்பு எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது. அட்டையின் பின்புறத்தைப் படித்த அன்று அது போய்விட்டது.

இந்த மருந்து முதலில் கருமுட்டை வெளிவருவதை நிறுத்துகிறது. கூடவே கருப்பை வாயில் இருக்கும் சளியைக் கெட்டியாக்கி விந்தணு உள்ளே போகாமல் தடுக்கிறது. நிறுத்தினால் கருமுட்டை மறுபடி வெளிவரத் தொடங்கும். பெரும்பாலானவர்களுக்கு ஒரு சில மாதத்தில் சுழற்சி பழையபடி திரும்பிவிடுகிறது. "மாத்திரை போட்டால் அப்புறம் குழந்தை தங்காது" என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. எனக்கு நிறுத்திய மூன்றாவது மாதமே நாள் தள்ளிப்போனது. மாத்திரைக்கு முன்பே மாதவிலக்கு ஒழுங்கில்லாமல் இருந்தவர்களுக்கு, நிறுத்திய பிறகு அந்தப் பழைய ஒழுங்கின்மை திரும்பி வரலாம். அதைப் பார்த்துத்தான் பழி மாத்திரை மேல் விழுகிறது என்று நினைக்கிறேன்.

பயத்துக்கு ஒரு பழைய வேரும் இருக்கிறது. 1960இல் அமெரிக்காவில் கருத்தடைக்கென்று அனுமதி பெற்ற முதல் மாத்திரை எனோவிட். அதில் ஈஸ்ட்ரோஜன் வகை மருந்து 150 மைக்ரோகிராம், புரொஜெஸ்டின் வகை மருந்து கிட்டத்தட்ட 10 மில்லிகிராம். குமட்டல், வீக்கம், தலைவலி, ரத்தக் கட்டி என்று அந்தக் காலத்துப் பெண்கள் பட்டது உண்மை. இன்றைய மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் 30 மைக்ரோகிராம் (அதாவது 0.03 மில்லிகிராம்), சிலவற்றில் 20. மருந்தின் அளவு இவ்வளவு இறங்கிவிட்டது. கேள்விப்பட்ட கதைகள் மட்டும் இறங்கவில்லை.

இப்போதும் தொல்லை இல்லாமல் இல்லை. முதல் மூன்று மாதம் சிலருக்குக் குமட்டல், மார்பில் வலி, இடையிடையே லேசான உதிரப்போக்கு வரும். எனக்குக் காலையில் சாப்பிட்டபோது வயிற்றைப் பிரட்டியது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று மாற்றியதும் நின்றுவிட்டது. எடை கூடும் என்று எல்லோரும் சொல்வார்கள். இதுவரை வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், பெரிய அளவில் எடை கூடுவதாகத் தெரியவில்லை என்றுதான் சொல்கிறார்கள். மனநிலை மாறுவதாகவோ விருப்பம் குறைவதாகவோ தோன்றினால், "உன் கற்பனை" என்று யாராவது தள்ளிவிட இடம் கொடுக்காதீர்கள். மருத்துவரிடம் சொல்லி வேறு மாத்திரையோ வேறு முறையோ மாற்றிக்கொள்ளலாம்.

கூடவே வரும் நல்லதையும் சொல்ல வேண்டும். மாதவிலக்கில் உதிரப்போக்கு குறையும், வயிற்று வலி குறையும். தமிழ்நாட்டில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை இருக்கும்போது இது சின்ன விஷயம் இல்லை. சினைப்பைப் புற்றுநோயும் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயும் வரும் வாய்ப்பு குறைகிறது, நிறுத்திய பிறகும் பல வருடங்களுக்கு அந்தப் பலன் நீடிக்கிறது. மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு சாப்பிடும் காலத்தில் சற்றே கூடி, நிறுத்திய பிறகு மெல்லக் குறைகிறது. ஐந்து வருடத்துக்கு மேல் சாப்பிட்டால் கருப்பை வாய்ப் புற்றுநோய் வாய்ப்பும் சற்றுக் கூடுகிறது. குடும்பத்தில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் இருந்திருந்தால் அதைத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

ரத்தக் கட்டி பற்றித்தான் பலருக்கும் பெரிய பயம். இதற்குக் கணக்கு இருக்கிறது. மாத்திரை சாப்பிடாத, கர்ப்பமில்லாத 10,000 பெண்களில் வருடத்துக்கு 2 பேருக்கு ரத்தக் குழாயில் ரத்தம் கட்டுகிறது. லெவோநார்ஜெஸ்ட்ரல் உள்ள மாத்திரையில் 5 முதல் 7 பேர். ட்ரோஸ்பைரினோன், டெசோஜெஸ்ட்ரல் உள்ள புதிய மாத்திரைகளில் 9 முதல் 12 பேர். கர்ப்ப காலத்திலும் பிரசவமான சில வாரங்களிலும் இவை எல்லாவற்றையும் விட அதிகம். புதிது, விலை கூடியது என்பதற்காக முதலிலேயே அதற்குப் போக வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். முகப்பரு மாதிரி ஒரு காரணம் இருந்து மருத்துவர் எழுதிக் கொடுத்தால் அது வேறு விஷயம்.

மறந்துவிட்டால் என்ன செய்வது என்பதை அட்டை வாங்கும்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மறந்த பிறகு தேடினால் பதற்றம்தான் மிஞ்சும். ஒரே ஒரு மாத்திரை விட்டுப்போனால் நினைவு வந்த உடனே போடுங்கள், அன்றைய மாத்திரையை வழக்கமான நேரத்தில் போடுங்கள். ஒரே நாளில் இரண்டாகிறதே என்று பயப்பட வேண்டாம். இரண்டோ அதற்கு மேலோ விட்டுப்போனால், கடைசியாக விட்டதை உடனே போட்டுவிட்டு, தொடர்ந்து சாப்பிட்டுக்கொண்டே அடுத்த ஏழு நாள் ஆணுறையும் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும். இது மூன்றாவது வாரத்தில் நடந்தால், இரும்பு மாத்திரைகளை விட்டுவிட்டு நேராகப் புது அட்டையைத் தொடங்குங்கள். முதல் வாரத்தில் நடந்து, அதற்குள் உறவும் நடந்திருந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள், அவசரக் கருத்தடை தேவைப்படலாம். இரும்பு மாத்திரை விட்டுப்போனால் ஒன்றும் ஆகாது. மாத்திரை போட்ட மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டும்.

தொடங்கும் நாளும் முக்கியம். மாதவிலக்கு வந்த ஐந்து நாளுக்குள் தொடங்கினால் அன்றிலிருந்தே பாதுகாப்பு. மற்ற நாளில் தொடங்கினால் முதல் ஏழு நாள் ஆணுறை வேண்டும். கணவர் சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை செய்து வருடத்துக்கு ஒரு முறை லீவில் வரும் வீடுகளில், அவர் வந்திறங்கும் அன்று மாத்திரையைத் தொடங்குகிறார்கள். அது போதாது. அவர் வருவதற்கு முந்தைய மாதவிலக்கிலேயே தொடங்கிவிட வேண்டும்.

இன்னொரு குழப்பம் நம் ஊருக்கே உரியது. கோயில் திருவிழா, கல்யாணம், சபரிமலைக்கு மாலை போட்ட வீடு என்று மாதவிலக்கைத் தள்ளிப்போட மருந்துக் கடையில் வாங்கிச் சாப்பிடுவார்களே, அது நாரெதிஸ்டிரோன். அது வேறு, இது வேறு. அதை நாலு நாள் சாப்பிட்டதால் கர்ப்பம் தங்காது என்று நம்பியிருந்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். அவளுக்கு இப்போது மூன்றாவது குழந்தை பள்ளிக்குப் போகிறது.

யாருக்கு இந்த மாத்திரை கூடாது

இந்தப் பகுதியை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள். பிரசவமாகி ஆறு வாரம் வரை தாய்ப்பால் கொடுக்கும் பெண் கூட்டு மாத்திரையைத் தொடவே கூடாது. ஆறு மாதம் வரையிலும் தவிர்ப்பது நல்லது. 35 வயதுக்கு மேல் புகைப்பிடிப்பவர்கள், பிரஷர் 140/90க்கு மேல் இருப்பவர்கள், காலிலோ நுரையீரலிலோ ஒருமுறை ரத்தம் கட்டியவர்கள், இதய நோயோ பக்கவாதமோ வந்தவர்கள், மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், கடுமையான கல்லீரல் நோய் உள்ளவர்கள், சர்க்கரை நோயால் கண்ணோ சிறுநீரகமோ பாதிக்கப்பட்டவர்கள், இவர்களுக்கெல்லாம் வேறு முறைதான் சரி. ஒற்றைத் தலைவலியில் ஒரு வகை உண்டு: வலி தொடங்கும் முன் கண்ணெதிரே வளைந்து வளைந்து வெளிச்சக் கோடு தெரியும், பார்வையில் ஒரு பக்கம் மறையும், கை மரத்துப்போகும். அந்த வகை இருந்தால் எந்த வயதானாலும் கூட்டு மாத்திரை கூடாது. பக்கவாத ஆபத்து கூடும்.

காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவர்களுக்கும், வலிப்புக்கு ஃபெனிடோயின், கார்பமசிபைன் சாப்பிடுகிறவர்களுக்கும் மாத்திரையின் பலம் குறைந்துவிடும். அதற்கும் காப்பர் டிதான் நல்ல மாற்று. சளி, காய்ச்சலுக்குக் கொடுக்கும் வழக்கமான ஆன்டிபயாட்டிக்கால் பிரச்சினை இல்லை.

தொடங்கும் முன் பிரஷர் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. அதைப் பார்க்காமல் யார் அட்டையை நீட்டினாலும் "முதல்ல பிரஷர் பாருங்க" என்று கேட்டு வாங்குங்கள். சாப்பிடும் காலத்தில் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், இதுவரை வராத மாதிரி தலைவலி, பார்வைக் கோளாறு, கடுமையான வயிற்று வலி வந்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

காப்பர் டி

அத்தை சொன்னது தப்பில்லை. நூற்றுக்கு ஒருவருக்குக்கூடத் தவறாத முறை. 380ஏ வகை பத்து வருடம், 375 வகை ஐந்து வருடம். அரசு மருத்துவமனையில் இலவசம். பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளேயே போட்டுவிடலாம், தாய்ப்பாலுக்கு எந்தத் தடையும் இல்லை. எடுத்த அன்றே கருத்தரிக்கும் வாய்ப்பு திரும்பும். ஹார்மோன் எதுவும் இல்லை, தாமிரம்தான் விந்தணுவை முடக்குகிறது.

நெஞ்சுக்கு ஏறும் என்று சித்தி சொன்னதற்கு வருவோம். கருப்பைக்கும் நெஞ்சுக்கும் வழியே கிடையாது. போடும்போது கருப்பைச் சுவரில் துளை விழுவது ஆயிரத்தில் ஒருவருக்கு நடக்கும் அரிய விஷயம், அப்போதும் அது வயிற்றுப் பகுதியில்தான் இருக்கும். தானாக வெளியே வந்துவிடுவது அதைவிடச் சகஜம். பிரசவமான உடனே போட்டவர்களுக்கு அது இன்னும் கொஞ்சம் கூடுதல். அதனால்தான் மாதவிலக்கு முடிந்ததும் நூல் தட்டுப்படுகிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

அதன் உண்மையான குறை வேறு. முதல் மூன்று முதல் ஆறு மாதம் உதிரப்போக்கும் வலியும் கூடும். எனக்கு நாலு மாதம் அப்படித்தான் இருந்தது, அப்புறம் பழகிவிட்டது. ஏற்கெனவே அதிகமாகப் போகிறவர்களுக்கும் ரத்தம் குறைவாக இருப்பவர்களுக்கும் இது யோசிக்க வேண்டிய விஷயம். அப்படிப்பட்டவர்களுக்கு மிரெனா இருக்கிறது, காப்பர் டி மாதிரியே கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம். அது உதிரப்போக்கைக் குறைக்கும், எட்டு வருடம் வரை நிற்கும். ஆனால் தனியாரில் ஆயிரக்கணக்கில் செலவாகும்.

எனக்கு மருத்துவமனையில் போட்டபோது, வலிக்கும் என்று ஒரு வார்த்தை யாரும் முன்னால் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன், பயந்துதான் போனேன். அதனால் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: சில நிமிடம் வலிக்கும், மாதவிலக்கு வலியை விடக் கொஞ்சம் கூடுதலாக. அன்று முழுக்க ஓய்வு வேண்டும். கூட யாராவது வந்தால் நல்லது.

ஊசி, சாயா, மற்றவை

அந்தரா என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் போடுவது மூன்று மாத ஊசி. தினமும் நினைவு வைக்க வேண்டாம், வீட்டில் யாருக்கும் தெரியவும் தெரியாது. மாத்திரை அட்டையை மாமியார் பார்த்துவிடுவாரோ என்று அரிசி டப்பாவில் ஒளித்து வைக்கும் பெண்களுக்கு இது பெரிய நிம்மதி. தாய்ப்பால் கொடுப்பவர்களும் பிரசவமான ஆறு வாரத்துக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம். ஆனால் மாதவிலக்கு தாறுமாறாகும், நாளாக நாளாக நின்றும் போகும். கடைசி ஊசிக்குப் பிறகு கருத்தரிக்க ஏழு முதல் பத்து மாதம் ஆகலாம். இரண்டு வருடத்தில் குழந்தை என்று நாள் குறித்து வைத்திருப்பவர்களுக்கு அந்தக் காத்திருப்பு கனமாக இருக்கும். என் தங்கைக்கு நான் இதை வேண்டாம் என்றது அந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

சாயா மாத்திரை நம் நாட்டிலேயே, லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவானது. முன்பு சஹேலி என்ற பெயரில் வந்ததும் இதே ஆர்மலாக்சிஃபீன்தான். ஹார்மோன் இல்லை. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு முறை, பிறகு வாரத்துக்கு ஒன்று. தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கும் ஏற்றது. சிலருக்கு மாதவிலக்கு தள்ளித் தள்ளி வரும். அதைப் பார்த்துக் கர்ப்பமோ என்று பயந்து ஒவ்வொரு முறையும் பரிசோதனை செய்வார்கள். நீர்க்கட்டி உள்ளவர்களுக்கும் கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் இதைக் கொடுப்பதில்லை. "வாரம் ஒன்று" என்பது கேட்க எளிதுதான். ஆனால் தினமும் செய்வது பழக்கமாகிவிடும், வாரம் ஒரு முறை செய்வது மறந்துபோகும். இது என் அனுபவம்.

ஆணுறை பற்றி நீட்டி எழுத ஒன்றும் இல்லை. பால்வினை நோயிலிருந்தும் காப்பாற்றுவது அது ஒன்றுதான். வேறு எந்த முறையில் இருந்தாலும் வீட்டில் ஒரு பாக்கெட் இருக்கட்டும்.

ஆபரேஷன் இரண்டாவது குழந்தைக்குப் பிறகு வரும் பேச்சு. ஒன்று மட்டும் சொல்கிறேன். ஆணுக்குத் தழும்பில்லாமல் செய்யும் வாசக்டமி சில நிமிடத்தில் முடிகிறது, வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை, தவறும் வாய்ப்பும் பெண்ணுக்குச் செய்வதைவிடக் குறைவு. செய்த பிறகு மூன்று மாதம் ஆணுறை பயன்படுத்த வேண்டும், அவ்வளவுதான். இவ்வளவு எளிதான ஒன்று இருக்கும்போது, இரண்டு பிரசவத்தைத் தாங்கிய உடம்பையே மறுபடியும் மேசையில் கிடத்துவது எனக்கு மனதுக்கு ஒப்பவில்லை. ஆண்மை குறையும், பாரம் தூக்க முடியாது என்பதெல்லாம் பொய்.

அவசரக் கருத்தடை மாத்திரையை இந்த வரிசையில் சேர்க்காதீர்கள். உறவுக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள் போடுவது அது. மாதாமாதம் சாப்பிடுவதற்கு இல்லை. தமிழ்நாட்டில் பல மருந்துக் கடைகளில் கேட்டால் இல்லை என்றே சொல்கிறார்கள். ஐந்து நாளுக்குள் காப்பர் டி போட்டுக்கொண்டால் அது அந்த மாத்திரையை விடவும் உறுதியாகக் காக்கும். இது பலருக்குத் தெரிவதில்லை.

கடைசியில் அவள் எடுத்த முடிவு

போனில் பேசிய அன்று எனக்கு மனதில் காப்பர் டிதான் இருந்தது. அவளுக்கு ஷிப்ட் வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. தினமும் ஒரே நேரத்தில் மாத்திரை என்பது நடக்கிற காரியமா என்று தோன்றியது. ஆனால் அந்த வாரம் அவள் மகப்பேறு மருத்துவரைப் பார்த்தபோது ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.8 என்று வந்தது. மாதவிலக்கிலும் ஐந்தாறு நாள் அதிகமாகவே போகிறது. காப்பர் டி அதைக் கூட்டும், மாத்திரை குறைக்கும். அடுத்த கர்ப்பத்துக்குள் ரத்தம் ஏற வேண்டும் என்பதுதான் இப்போது முக்கியம் என்று அந்த மருத்துவர் சொன்னார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

பிரஷர் 118/76. தலைவலி அடிக்கடி வருகிறது என்றாள். வெளிச்சக் கோடு தெரிகிறதா, கை மரக்கிறதா என்று கேட்டார்கள், இல்லை. கம்ப்யூட்டர் முன்னால் எட்டு மணி நேரம் உட்காருவதால் வரும் கழுத்து வலியோடு சேர்ந்ததுதான் அது. பையனுக்கு இரவில் மட்டும் பால் கொடுக்கிறாள், ஒரு வயது தாண்டிவிட்டதால் தடையில்லை.

மாதவிலக்கு வந்த இரண்டாம் நாள் தொடங்கினாள். ஷிப்ட் மாறினாலும் மாறாத ஒரு நேரம் வேண்டும் என்று யோசித்து, மாலை ஏழு மணியை மாப்பிள்ளைதான் தேர்ந்தெடுத்தார். இரவு ஷிப்டுக்கு அவள் கிளம்புவதும் அதன் பிறகுதான், பகல் ஷிப்டில் அவள் வீடு திரும்புவதும் அதற்கு முன்னால்தான். அலாரம் அவர் போனிலும் அடிக்கிறது. அட்டை ஒன்று வீட்டில் பல் துலக்கும் பிரஷ் பக்கத்தில், உபரி அட்டை ஒன்று கைப்பையில்.

முதல் மாதம் குமட்டல். இரண்டாம் மாதம் இடையில் மூன்று நாள் லேசாகத் தீட்டு, பயந்து போன் செய்தாள். மூன்றாவது அட்டையில் ஒரு நாள் காலை ஆறு மணிக்கே போன். முந்தின நாள் பையனுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்கு ஓடியதில் மாத்திரை விட்டுப்போயிருக்கிறது.

"ஒண்ணுதானே? இப்பவே போடு. சாயங்காலம் ஏழு மணிக்கு வழக்கமானதையும் போட்டுக்கோ."

"ஏழு நாள் ஆணுறை வேண்டாமாக்கா?"

"ரெண்டு விட்டாத்தான் அது. பையனுக்கு இப்ப எப்படி இருக்கு?"

அடுத்த செவ்வாய்க்கிழமை அவளுக்கு மறுபடி பிரஷரும் ஹீமோகுளோபினும் பார்க்கப் போகிறோம்.